பார்சல் கொண்டுபோன மத்தியானத்தின் நிறம்

வாளியில் இருந்தது அந்தக் கலர் இல்லை.

மாஸ்டர் குச்சியால் இன்னொரு முறை கிண்டினார். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, வெள்ளைத் துணித் துண்டில் தேய்த்து, ஊதி ஊதிக் காயவைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஈரமாக இருந்தவரை ஏதோ நம்பிக்கை கொடுத்த கலர், காய்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்ட துண்டுகள் மேஜையின் கீழே ஒரு குவியலாகக் கிடந்தன.

"வந்துச்சா தம்பி?" என்றார் இழுவை அண்ணன்.

"வரலண்ணே."

"நேத்து ஒண்ணு வந்துச்சே, அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது இல்ல."

துணியில் ஸ்கிரீன் அச்சுப் போடும் அந்தச் சின்னப் பட்டறையில் இரண்டே பேர்தான். கலர் கலக்குவது மாஸ்டர். சட்டத்தில் ஊற்றிய பேஸ்ட்டை ரப்பர் பட்டை வைத்த ஸ்க்வீஜியால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுப்பது இழுவை அண்ணன். அந்த வேலையால் வந்த பெயர் அது என்று அவர் சொல்லிக்கொள்வார். அவர் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், அதனால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

"எதுக்கு இந்தப் பாடு? வீட்டம்மாகிட்ட போய்த் தெரியலன்னு சொல்லிடு. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஒண்ணும் ஆகாது."

"தெரியும்ணே. அதான் பிரச்சினை. நல்லாத் தெரியும்."

எல்லாம் ஒரு புதுப் புடவையால் வந்தது. போன வாரம் மாஸ்டரின் மனைவி அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். உலகத்தில் உள்ள எல்லாக் கணவர்களுக்கும் இதற்கு ஒரே பதில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாஸ்டர் அதைச் சொல்லவில்லை. முந்தானையைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"பைண்டர் பத்தல. ரெண்டு தண்ணி பார்த்தா பூவெல்லாம் ஓடிடும்."

"நான் பூவைக் கேக்கல. புடவைக்குள்ள ஒருத்தி நிக்கிறா, அவளைக் கேட்டேன்."

"உனக்கென்ன, நல்லாத்தான் இருக்கே. அடிச்சவன்தான் ஏமாத்திட்டான்."

"உங்களுக்குத் துணி மட்டும்தான் கண்ணுல படும். முதல்முதல்ல எங்க வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தீங்களே, அன்னைக்கு நான் என்ன உடுத்தியிருந்தேன்? சொல்லுங்க பாப்போம்."

வேறு யாராக இருந்தாலும் திருதிருவென்று விழித்திருப்பார்கள். மாஸ்டருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புடவையை எப்படி மறப்பேன்?"

மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"புடவையா?"

"ஆமா. புடவைதான்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"கண்ணை மூடினா இப்பக்கூட அசையுது."

"என்ன கலரு?"

இங்கேதான் மாஸ்டர் மாட்டினார். அவருக்கு அந்தக் கலர் தெரியும், அதன் பெயர் தெரியாது. மஞ்சள் என்றால் பொய். ரோஸ் என்றால் பாதிப் பொய். வாயைத் திறந்தார், மூடினார், கையால் காற்றில் எதையோ தடவிக் காட்டினார்.

"சொல்ல வராது. கலக்கித்தான் காட்டணும்."

"காட்டுங்க," என்றாள் அவள். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. "அதைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும். அதுவரைக்கும் நான் தம்பி வீட்டுல இருக்கேன்."

தம்பி வீடு என்பது அவள் பிறந்த வீடுதான். நாலு தெரு தள்ளி இருந்தது. லாரி ஓட்டும் தம்பி பாதி நாள் ரோட்டிலேயே இருப்பான், வீட்டில் அவன் மனைவி மட்டும். துணைக்குப் போகிறாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். பழைய ஞாபகத்தை மறுபடி கண்ணால் பார்க்க மனைவி ஆசைப்படுகிறாள் என்பதில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அலமாரியைத் திறந்தபோதுதான் அவள் தன்னுடைய தலையணையையும் எடுத்துக்கொண்டு போயிருப்பது தெரிந்தது. நாலு தெருவுக்கு யாரும் தலையணை தூக்கிக்கொண்டு போவதில்லை. 

அன்றிலிருந்து அவர் அந்த மத்தியானத்துக்குள்ளேயே குடியிருந்தார்.

அச்சடித்த தலையணை உறைகளைப் பார்சல் கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார். வெளியே கொளுத்துகிற வெயில். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்ததும் கண் இருட்டியது. கூடத்தின் அந்தக் கோடியில் உள்வாசல், அதற்குப் பின்னால் திறந்த முற்றம், முற்றம் முழுக்க வெயில். அந்த உள்வாசலில்தான் அது நின்றது. தேனில் கொஞ்சம் வெயிலைக் கரைத்து, அதில் ஒரு ரோஜா இதழை முக்கி எடுத்த மாதிரி ஒரு நிறம். காற்று வந்தது. அது மெல்ல உப்பியது, மெல்ல அடங்கியது. வீடே மூச்சு விடுகிறதோ என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"யாரு?" என்று ஒரு குரல்.

"பார்சல்," என்றார் அவர்.

கை நீண்டது. வளையல் சத்தம் கேட்டது. பார்சல் போய்விட்டது. கண் கூசியதில் முகம் தெரியவில்லை, ஆனால் முகத்தைப் பற்றி அவருக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. வாசலில் கழற்றிய செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பட்டறைக்கு வந்து சேர்ந்தார். கால் கொப்பளித்திருப்பதை மறுநாள்தான் கவனித்தார். அடுத்த மாதமே பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்டார்.

அந்த நிறத்தைத்தான் இப்போது வாளியில் தேடிக்கொண்டிருந்தார்.

பிக்மென்ட் கலருக்கு ஒரு குணம் உண்டு. அது நூலுக்குள் இறங்காது, துணியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பைண்டர் என்ற பசை அதைப் பிடித்து வைத்திருக்கும். பசை குறைந்தால் கலர் ஓடிவிடும், கூடினால் துணி விறைத்துவிடும். இதெல்லாம் மாஸ்டருக்குத் தூக்கத்திலும் தெரியும். அன்றாட வேலையில் எந்தத் துண்டைக் காட்டினாலும் டீ குடித்து முடிப்பதற்குள் அதே கலரைக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் எதிரில் துண்டு இல்லாமல், மனசில் அசைகிற ஒன்றைப் பார்த்துக் கலக்குவது அவருக்கும் புதிது.

மஞ்சளில் தொடங்கினார். சிட்டிகை சிவப்பு போட்டார். ரொம்பக் கத்தியது. கத்தலை அடக்க ஊசிமுனை நீலம் வேண்டும். ஊசிமுனையை எடுத்த நேரத்தில் கண் அந்த முற்றத்துக்குப் போய்விட்டது, கை சாய்ந்துவிட்டது, நீலம் சொட்டாக விழுந்துவிட்டது. நீலம் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. சேறானதைத் தேற்ற மஞ்சள் ஊற்றினார். மஞ்சளைத் தணிக்க வெள்ளை ஊற்றினார். பால் மாதிரி ஆனதும் சிவப்பு, சிவப்பு கூடியதும் மறுபடி மஞ்சள். கிண்ணத்தில் தொடங்கியது வாளிக்கு வந்து, வாளியிலிருந்து டிரம்முக்குப் போயிருந்தது. ஊர் முழுக்கப் போர்த்தும் அளவுக்குப் பேஸ்ட் இருந்தது, ஒரு புடவைக்கான கலர் இல்லை.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணா, நான்தான். அக்கா பக்கத்துல இல்ல, அதான் பேசறேன்."

பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது மாஸ்டருக்கு நன்றாகக் கேட்டது. "சொல்லும்மா," என்றார் குழைந்து.

"சும்மாத்தான். அந்தப் புடவைக்கு பார்டர் உண்டா அண்ணா?"

"பார்டர் இல்ல. கீழே மட்டும் அகலமா மடிச்சுத் தைச்ச மாதிரி இருந்துச்சு."

"சரி. அதைக் கட்டியிருந்தவங்க..." அங்கே ஏதோ கிசுகிசுப்பு. "உயரமா, குள்ளமா?"

மனைவியின் உயரத்தைக் கணவனிடம் கேட்கிறார்களே என்று மாஸ்டர் யோசிக்கவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். பார்த்ததைச் சொன்னார்.

"நல்ல உயரம்மா. நிலை வரைக்கும் நின்னா."

மறுபக்கத்தில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டுவிட்டது. மாஸ்டர் சிரித்தபடியே திரும்பினார். "அவ உயரம் எனக்கு ஞாபகம் இருக்கான்னு சோதிக்கறாண்ணே."

"என்னன்னு சொன்னே?"

"நல்ல உயரம்னு."

இழுவை அண்ணன் ஸ்க்வீஜியைக் கீழே வைத்தார். "தம்பி, உங்க வீட்டம்மா பட்டறைக்கு வந்தா இந்த மேஜைக்கு மேல தலை மட்டும்தான் தெரியும். மேல் தட்டுல இருக்கிற டப்பாவை எடுக்கணும்னா முக்காலி கேப்பாங்க."

"அன்னைக்கு உயரமாத்தான் இருந்தாண்ணே," என்றார் மாஸ்டர். அவர் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

திரும்பியவர் அப்போதுதான் மேஜையைப் பார்த்தார். ஒரு கேண்டீன்காரர் தன் ஆட்களுக்காக அச்சுப் போடக் கொடுத்திருந்த வெள்ளை வெளேரென்ற ஏப்ரன்கள் வரிசையாக விரிந்திருந்தன. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் வயிற்றிலும் அழுக்கு ரோஸில் வட்டம் வட்டமாக அச்சு.

"அண்ணே, அவர் கேட்டது நீல வட்டமாச்சே."

"டிரம்முல பேஸ்ட் ஏடு கட்டுது, காயவிட்டா ஸ்கிரீன் அடைச்சுக்கும்னு நீதானே சொல்லுவே. வீணாப் போகுதேன்னு இழுத்துட்டேன்."

சாயங்காலம் கேண்டீன்காரர் வந்தார். ஒன்றை எடுத்து விரித்தார். 

"மாஸ்டர், நாங்க இன்னும் அடுப்பே பத்த வைக்கல. அதுக்குள்ள எல்லார் மேலயும் கறை."

"மேல இன்னொரு டிசைன் போட்டு மறைச்சிடறேன்," என்றார் மாஸ்டர்.

மறைத்தார். அழுக்கு வட்டங்களின் மேல் கரும்பச்சை இலைகள் விழுந்தன. கலரின் மேல் கலர், பசையின் மேல் பசை. கறை மறைந்தது. ஆனால் மறுநாள் கேண்டீன்காரர் ஒரு ஏப்ரனைத் தரையில் வைத்தபோது அது படுக்கவில்லை. ஆளில்லாமலேயே நிமிர்ந்து நின்று அவர்களைப் பார்த்தது.

"இதைக் கட்டிக்கிட்டு எங்க ஆளுங்க குனிய முடியுமா?" என்று கேட்டார் அவர். கோபத்தைத் தாண்டி ஒரு ஆச்சரியம் அவரிடம் வந்துவிட்டிருந்தது.

"ஊறப்போட்டா மெத்துன்னு ஆயிடும்," என்றார் இழுவை அண்ணன்.

சூடு காட்டி இறுக்கும் முன்பே ஊறப்போட்டால் என்ன ஆகும் என்று மாஸ்டருக்குத் தெரியும். சொல்லியிருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் விலகி, பட்டறைத் தரையில் ஒரு சதுர வெயில் விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, இழுவை அண்ணன் ஏப்ரன்களைத் தொட்டியில் முக்கிவிட்டார். மனைவி இல்லாத வீட்டின் துணிகளும் அதே தொட்டியில்தான் ஊறிக்கொண்டிருந்தன. எடுத்தபோது ஏப்ரன்களில் இலையும் இல்லை, வட்டமும் இல்லை. மாஸ்டரின் ஒரே நல்ல சட்டை குளத்துப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது.

"விடுங்க மாஸ்டர்," என்றார் கேண்டீன்காரர், ரொம்ப மெதுவாக. "வீட்ல ஏதோ சரியில்லன்னு கேள்விப்பட்டேன். புதுத் துணி கொண்டாந்து தர்றேன். மனசு சரியானதும் அடிங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மாஸ்டர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

போன் மறுபடி அடித்தது.

"அண்ணா, இன்னும் ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு அவங்க ஏதாவது பேசினாங்களா?"

"யாருன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்ம்மா. மத்தபடி நின்னுக்கிட்டே அசைஞ்சா."

"அசைஞ்சாங்களா?"

"காத்துக்கு. இப்படி முன்னாடி வருவா, அப்புறம் பின்னாடி போவா. பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"முகம் தெரியல."

"முகமே பாக்கலையா அண்ணா?"

"முகம் எதுக்கும்மா?" என்றார் மாஸ்டர் உண்மையான மனசோடு. "அந்தக் கலர் ஒண்ணு போதாதா ஒரு மனுஷனுக்கு?"

தூரத்தில் மனைவியின் குரல் கேட்டது. "கேட்டியா? கேட்டியா நீயே?"  தம்பி மனைவி மறுபடி வந்தபோது குரல் தழைந்திருந்தது.

"அண்ணா, அக்கா ஞாயித்துக்கிழமை பெரியம்மா ஊருக்குக் கிளம்பறாங்க. அங்க ஒரு தையல் யூனிட்ல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. அந்தக் கலரை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போறேங்கறாங்க. திரும்பி வர்ற எண்ணம் இருக்கிற மாதிரி தெரியல."

 அவள் இல்லாத வீட்டை அவர் இதுவரை ஒரு விடுமுறை போலத்தான் நினைத்திருந்தார். டீக்கு அளவு தெரியாமல் போடுவதும், பேசுவதற்கு ஆள் இல்லாமல் சுவரைப் பார்ப்பதும் நாலு நாள் விளையாட்டு என்று இருந்தார். இனி எப்போதுமே அப்படித்தான் என்றால் தன்னால் முடியாது என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவள் திட்டுவதுகூட வேண்டியிருந்தது.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே," என்றார் இழுவை அண்ணன். ஒரு தடவையாவது சுருக்கமாகப் பேச வேண்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "நீ அன்னைக்குப் பாத்தது அவங்களைத்தானா? வேற யாரோ உயரமா ஒரு பொம்பளை..."

"அப்ப அந்த வீட்டுல வேற பொம்பளையே இல்லண்ணே."

"பக்கத்து வீட்டுலேர்ந்து வந்திருக்கலாம்ல?"

மாஸ்டர் தலையை ஆட்டி மறுத்தார். ஆனால் சந்தேகம் நீலம் மாதிரி ஒரு சொட்டு விழுந்துவிட்டது. அந்த மத்தியானம் வேறு யாருடையதோ என்றால், அதை நம்பிக் கல்யாணம் பண்ணி, இத்தனை வருஷமாக உள்ளுக்குள் வைத்துக் கொண்டாடியதற்கு என்ன அர்த்தம்? கலர் கிடைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றாள். தனக்கும் அப்போதுதான் தெரியும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. அச்சு மேஜை மேலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

கண் விழித்தபோது அந்தக் கலர் எதிரில் நின்றது.

கனவு என்றுதான் முதலில் நினைத்தார். பட்டறையின் பின்வாசலில், கொடியில், அது தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மத்தியான வெயில். தேன், வெயில், ரோஜா இதழ், எல்லாம் இருந்தது. காற்றுக்கு மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. மாஸ்டர் மூச்சு விடாமல் எழுந்து, அது பறந்துவிடும் என்பதுபோல அடிமேல் அடி வைத்துப் போய்த் தொட்டார்.

"அது வாளி கழுவின தண்ணிய துடைச்ச துணி தம்பி," என்றார் இழுவை அண்ணன். "காயட்டும்னு போட்டேன்."

மாஸ்டர் அதைக் கொடியிலிருந்து எடுத்துக் கையில் பார்த்தார். ஒன்றுமே இல்லை, வெளிறிப்போன ஒரு கந்தல். மறுபடி கொடியில் போட்டார். மறுபடி அந்த மத்தியானம் வந்து நின்றது. எடுத்தார், போட்டார், எடுத்தார், போட்டார். பார்த்துக்கொண்டிருந்த இழுவை அண்ணன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அண்ணே, தப்பு கலர்ல இல்ல," என்றார் மாஸ்டர். கண் பளபளத்தது. "நான் துணி மேல தேடிட்டிருந்தேன். அது துணி வழியா வந்த வெளிச்சம். வெள்ளை ஊத்தி ஊத்தி நானே ஜன்னலை அடைச்சிருக்கேன்."

அதன் பிறகு வேலை மளமளவென்று ஓடியது. வெள்ளை ஒரு சொட்டும் இல்லை. மஞ்சளும் சிவப்பும் பேருக்குத்தான், மீதியெல்லாம் பைண்டர் கலந்த தெளிந்த பேஸ்ட். கை வைத்தால் கை தெரிகிற மெல்லிய பருத்தித் துணியை மேஜையின் நீளத்துக்கு ஒட்டி விரித்தார்கள். பூ இல்லாத வெற்று ஸ்கிரீன். மாஸ்டர் சட்டத்தை வைக்க வைக்க, இழுவை அண்ணன் இழுத்துக்கொண்டே போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை முடியும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

சட்டமும் சட்டமும் சந்தித்த இடங்களில் மெல்லிய கோடு விழுந்தது. வேறு நாளாக இருந்தால் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இப்போது அதைத் தூக்கி வெயிலில் பிடித்ததும், கோடுகள் நீள நீளமான மடிப்பு மாதிரித் தெரிந்தன. அன்றும் அப்படித்தான் இருந்தது. காயவைத்து, பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்திச் சூடு காட்டினார். கட்டைவிரலால் தேய்த்து விரலைப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாசி நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பார்சலோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே கால் வைத்ததும் அன்று போலவே கண் இருட்டியது. கூடத்தில் ஒரு பெட்டி கட்டி முடித்து நிறுத்தப்பட்டிருந்தது. அதன் மேல் அந்தத் தலையணை. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் மனைவி, அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி சுவரோரம் நின்றாள்.

"சட்டைக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தும்.

"ஏப்ரனோட ஊறிடுச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"டீ குடிச்சேன்."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "கொண்டாங்க. யாருன்னு பாத்துட்டுப் போறேன்."

'என்னன்னு' என்பதற்குப் பதில் அப்படிச் சொல்கிறாள் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். பார்சலைப் பிரித்தாள். மடியில் விரித்த துணியைப் பார்த்த அவள் முகத்தில் குழப்பம்தான் வந்தது. வெளிறிய, பெயரில்லாத ஒரு துணி. யாரிடமும் அப்படி ஒரு புடவையை அவள் பார்த்ததில்லை என்பது தெரிந்தது.

"இதுவா?"

"கையில பார்த்தா தெரியாது," என்றார் மாஸ்டர்.  "வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடி."

அவள் எழுந்து, முற்றத்துப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தாள். வெயில் அதன் வழியாக வந்தது. கூடம் முழுக்க அந்த நிறம் பரவியது. சுவரில், தரையில், பெட்டியின் மேல், அவள் முகத்தில். காற்று வந்தது. துணி மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு தலையை நிமிர்த்தி உள்வாசல் நிலையைப் பார்த்தாள்.

"இதை... உயரமா... நிலை வரைக்கும் பாத்தீங்களா?"

"ஆமா."

"முன்னாடி வந்து, பின்னாடி போச்சா?"

"ஆமாம்மா. அதேதான். வேற யாரையும் நான் பாக்கல. சத்தியமா இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அவள் அந்தத் துணியை அள்ளி முகத்தில் வைத்து மூடிக்கொண்டு, பெட்டியின் மேலேயே சரிந்து உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அடக்க அடக்கக் குலுங்கியது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி முதுகில் கை வைத்தார்.

"அழாதே. கலர் தப்பா இருந்தா மறுபடி கலக்கறேன்."

"தப்பில்ல," என்றாள் அவள் துணிக்குள்ளிருந்து. மூச்சு வாங்கியது. "இதேதான். ஒரு இழை மாறல. இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கீங்களே, உங்களை நான் என்னன்னு சொல்றது?"

"வீட்டுக்கு வர்றியா?"

"இருங்க. இதைக் கட்டிக்கிட்டு வந்துடறேன். இனிமே உங்களை எங்கயும் தனியா விடறதா இல்ல."

உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் குள்ளமாகத்தான் தெரிந்தாள், ஆனால் மாஸ்டர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. உள்வாசலில், வெயில் பின்னால் இருக்க, அந்த நிறத்தில் அவள் நின்றாள். தான் பார்த்தது சரியான ஆளைத்தான் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று தோன்றியது. பெட்டியை ஒரு கையிலும் தலையணையை மறு கையிலும் தூக்கிக்கொண்டார்.

அப்போதுதான் வெளியூர் டிரிப்பை முடித்துவிட்டுத் தம்பி உள்ளே வந்தான். தோளிலிருந்த பையை இறக்கி வைத்தவன் அக்காவை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னக்கா, நம்ம பழைய கர்ட்டனை எடுத்துப் புடவையா கட்டியிருக்கே? அன்னைக்கு மாமா முதல்முதல்ல பார்சலோட வந்தப்போ, கிழிஞ்ச நைட்டியோட இதுக்குப் பின்னாடிதானே ஒளிஞ்சுக்கிட்டு நின்னே?"